அமெரிக்கக் கல்லூரியில் இசை கற்பிக்கப் போகிறவர்களுக்கு: ஆகஸ்டுக்கு முன் என்ன செய்வது?

கேள்வி:

வணக்கம். நான் வயலின் வாசிப்பவள். கர்நாடக இசையில் முனைவர் பட்டம், மேற்கத்திய இசையில் லண்டன் டிரினிட்டி தேர்வுகள் எட்டாம் கிரேடு வரை. வரும் ஆகஸ்டில் அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழக இசைத் துறையில் விசிட்டிங் அசிஸ்டன்ட் ப்ரொஃபசராகச் சேர்கிறேன். இசையை முதன்மைப் பாடமாக எடுக்காத மாணவர்களுக்கு அடிப்படை தியரி, உலக இசை அறிமுகம், தனிப்பாடமாகச் சில மாணவர்கள், அதோடு ஒரு தென்னிந்திய இசைக் குழுவும் தொடங்கச் சொல்லியிருக்கிறார்கள். கச்சேரி அனுபவம் நிறைய உண்டு, வகுப்பறை அனுபவம் குறைவு. இப்போதிருந்தே எதில் நேரம் செலவிட்டால் நல்லது? இந்த வேலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

பதில்:

வாழ்த்துகள் தங்கச்சி. நானும் இதே வேலையில்தான் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். ஒரே வரியில் வேண்டுமென்றால்: சாதகத்தைக் கூட்ட வேண்டாம், எழுத உட்காருங்கள்.

நம் முறையில் குரு எதிரே உட்கார்ந்து, அன்றைக்குச் சிஷ்யனின் கையோ குரலோ எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பாடத்தை முடிவு செய்வார். அடுத்த மாதம் எந்த வர்ணம் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் திட்டு விழும். இங்கே முதல் நாளே மாணவர் கையில் செமஸ்டர் முழுவதற்குமான சிலபஸ் இருக்க வேண்டும். எந்த வாரம் என்ன பாடம், எந்தத் தேதியில் தேர்வு, எதற்கு எத்தனை சதவீதம், தாமதமாகக் கொடுத்தால் என்ன ஆகும், எத்தனை வகுப்பு வராமல் இருக்கலாம் எல்லாம் அதில் எழுதியிருக்க வேண்டும். பின்னால் தகராறு என்று வந்தால் துறைத் தலைவர் முதலில் எடுத்துப் பார்ப்பதும் அந்தத் தாளைத்தான். நீங்கள் வாயால் சொன்னது கணக்கில் வராது.

அதனால் இந்த வாரமே துறைத் தலைவருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். இந்தப் பாடங்களை இதற்கு முன் எடுத்தவர்களின் பழைய சிலபஸ்கள் கிடைக்குமா என்று கேளுங்கள். இப்படிக் கேட்பது இங்கே வெகு சாதாரணம், யாரும் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டார்கள். கேட்காமல் விட்டால்தான் சிக்கல். நீங்கள் புதிதாக உருவாக்கும் பாடம், அதற்கு அடுத்த பாடம் எடுப்பவர் எதிர்பார்ப்பதோடு ஒட்டாமல் போகும். பல்கலைக்கழகமே எல்லா சிலபஸிலும் சேர்க்கச் சொல்லும் பத்திகள் சில இருக்கும். ஊனமுற்ற மாணவர்களுக்கான வசதிகள், கல்வி நேர்மை, ஏஐ பயன்பாடு மாதிரி. அவற்றை நீங்களாக எழுத வேண்டாம், வாங்கி ஒட்டினால் போதும்.

திட்டத்தைப் பின்னாலிருந்து போடுங்கள். முதலில் கல்விக் காலண்டரை இறக்கி, இறுதித் தேர்வு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். செமஸ்டர் என்றால் ஏறத்தாழ 15 வாரம். வகுப்பு திங்கள், புதன், வெள்ளி என்றால் பெரும்பாலும் 50 நிமிடம். செவ்வாய், வியாழன் என்றால் 75 நிமிடம். செப்டம்பர் முதல் திங்கள் லேபர் டே, நவம்பர் நான்காவது வியாழன் தேங்க்ஸ்கிவிங் (பல இடங்களில் அந்த வாரத்தில் பாதியோ முழுவதுமோ விடுமுறை). இதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால்தான் கையில் உண்மையில் எத்தனை வகுப்பு இருக்கிறது என்று தெரியும். நினைத்ததைவிடக் குறைவாகத்தான் இருக்கும். மத்திய அரசின் கிரெடிட் வரையறைப்படி, ஒரு கிரெடிட் என்பது வாரம் ஒரு மணி நேர வகுப்பும் அதற்கு வெளியே குறைந்தது இரண்டு மணி நேர உழைப்பும். மூன்று கிரெடிட் பாடத்துக்கு வாரம் ஆறு மணி நேர வீட்டு வேலை கொடுக்கலாம் என்பது கணக்கு. மாணவர்கள் அதைச் செய்வார்களா என்பது வேறு விஷயம்.

அடுத்து, தியரி. டிரினிட்டியில் படித்த உங்களுக்குப் பாடம் தெரியும். ஆனால் இங்கே வாயில் வர வேண்டிய சொற்கள் வேறு. அங்கே கிராட்செட் என்றது இங்கே குவார்ட்டர் நோட். மினிம், ஹாஃப் நோட். செமிபிரீவ், ஹோல் நோட். குவேவர், எய்த் நோட். பார் என்று சொல்வதைப் பெரும்பாலும் மெஷர் என்பார்கள். டோன், செமிடோன் என்பதை ஹோல் ஸ்டெப், ஹாஃப் ஸ்டெப் என்பார்கள். சின்ன விஷயம்தான், ஆனால் அடிப்படை வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பொறியியல் மாணவனுக்கு நீங்கள் மினிம் என்றால் ஒன்றும் புரியாது, கேட்கவும் கூச்சப்படுவான். வாய் பழகும் வரை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.

துறையில் ஸ்வரப் பயிற்சிக்கு எந்த முறை என்பதையும் முன்னதாகக் கேளுங்கள். சில இடங்களில் மூவபிள் டோ, சில இடங்களில் ஃபிக்ஸ்டு டோ, சில இடங்களில் எண்கள் மட்டும். மூவபிள் டோ என்றால் நமக்குப் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது, நம் ஸட்ஜமும் சுருதியோடு நகர்வதுதானே. ஃபிக்ஸ்டு டோ என்றால்தான் கொஞ்சம் தலைசுற்றும். அதில் டோ எப்போதும் சி மட்டுமே.

தாளத்தில் நீங்கள் துணிந்து நம் சரக்கை இறக்கலாம். ஏழு எண்ணிக்கை அளவில் மேற்கத்திய இசை மாணவர்கள் வழக்கமாகத் தடுமாறுவார்கள். தகிட தகதிமி என்று மிஸ்ர சாபுவைக் கைதட்டிச் சொல்லவைத்தால் மூன்றும் நான்கும் உடம்பில் இறங்கிவிடும். தகதகிட என்றால் ஐந்து. இதற்காகக் கர்நாடக இசையின் வரலாறு முழுவதையும் சொல்லத் தேவையில்லை. ஒரு கருவி மாதிரி எடுத்துக் கொடுங்கள், எங்கிருந்து வந்தது என்பதை ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள், போதும்.

ராகங்களை அவர்கள் ஸ்கேல்களோடு ஒப்பிடுவது எளிது, ஆபத்தும் அங்கேதான். 29-ஆவது மேளம் (தாய் ராகம்) சங்கராபரணம் மேஜர், 20 நடபைரவி நேச்சுரல் மைனர், 22 கரஹரப்பிரியா டோரியன், 28 ஹரிகாம்போதி மிக்ஸோலிடியன், 65 மேசகல்யாணி லிடியன், 8 ஹனுமதோடி ஃபிரிஜியன் என்று பலகையில் எழுதினால் மாணவர்கள் சந்தோஷமாகக் குறித்துக்கொள்வார்கள். அதோடு நிறுத்தினால் ராகம் என்றால் ஸ்கேல் என்று மனதில் பதிந்துவிடும். உடனே காம்போதி, கமாஸ், சஹானா மூன்றையும் வாசித்துக் காட்டுங்கள். மூன்றும் 28-இல் பிறந்த ஜன்ய ராகங்கள். காதுக்கு மூன்றும் மூன்று வேறு ஊர். நீங்கள் வயலின்காரர், இதை நீங்கள் செய்வது போல எந்தப் பாடப்புத்தகமும் செய்ய முடியாது.

உலக இசை அறிமுகத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நீங்கள் இந்தியர் என்பதால் அந்தப் பாடம் உங்களிடம் வந்திருக்கிறது, ஆனால் பாடம் இந்திய இசை அல்ல. ஜாவா காமெலான், மேற்கு ஆப்பிரிக்கத் தாள வாத்தியங்கள், அரபு மகாம், ஆண்டீஸ் மலை இசை என்று போகும். 15 வாரத்தில் எல்லாக் கண்டங்களையும் தொட்டுவிட ஆசைப்படாதீர்கள். ஐந்து அல்லது ஆறு இடங்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரமாவது கொடுங்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்ததை முதல் வாரத்தில் வைக்காமல் நான்காவது ஐந்தாவது வாரத்தில் வைப்பது என் வழக்கம். அதற்குள் மாணவர்களுக்குக் கேட்கப் பழகியிருக்கும், உங்களுக்கும் அந்த வகுப்பின் போக்கு பிடிபட்டிருக்கும். தெரியாத மரபுகளுக்கு இப்போதே கேட்க ஆரம்பியுங்கள். படிப்பதைவிடக் கேட்பது முக்கியம். ஒவ்வொரு வகுப்புக்கும் என்ன ஒலிப்பதிவு, எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை என்பதைக் குறித்து வைத்துக்கொண்டால் செப்டம்பரில் தூங்கலாம்.

குழு விஷயம். இங்கே நம் இசைக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது நேற்று இன்றல்ல. கனெக்டிகட்டின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் 1960-களிலிருந்தே தென்னிந்திய இசை கற்பிக்கப்படுகிறது. நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி அம்மாவின் சகோதரர்கள் மிருதங்கம் டி. ரங்கநாதன், புல்லாங்குழல் டி. விஸ்வநாதன் இருவரும் அங்கே கற்பித்தவர்கள். கர்நாடக இசை பாடிய அமெரிக்கர் ஜான் ஹிக்கின்ஸ் பாகவதர் உருவானதும் அங்கேதான். பக்கத்தில் கனடாவில், டொராண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் 1971 முதல் பல ஆண்டுகள் மிருதங்கம் திருச்சி சங்கரன் சார் கற்பித்தார். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. இப்படிப்பட்ட இடங்கள் தங்கள் பாடப்பட்டியலில் குழுவை எப்படி விவரித்திருக்கின்றன, எத்தனை கிரெடிட், யார் சேரலாம், திரும்பத் திரும்ப எடுக்கலாமா என்பதை அவர்கள் இணையதளத்தில் பாருங்கள். உங்கள் துறையில் புதுப் பாடத்துக்கு முன்மொழிவு எழுதும்போது, வேறு பல்கலைக்கழகத்தில் இப்படி நடக்கிறது என்று காட்டுவது பாதி வேலையை முடித்துவிடும். இனவியல் இசையறிஞர் மான்டில் ஹுட் 1960-இல் இருமை இசைத்திறன் என்ற கருத்தை வைத்தார்: இன்னொரு பண்பாட்டின் இசையைப் புரிந்துகொள்ள அதை வாசித்தே பழக வேண்டும் என்பது அதன் சாரம். துறைக் கூட்டத்தில் யாராவது இந்தக் குழு எதற்கு என்று கேட்டால் அந்தப் பெயரைச் சொல்லலாம்.

முதல் செமஸ்டரில் ஆள் சேர்ப்பதுதான் கஷ்டம். குறைந்தபட்ச எண்ணிக்கை வராவிட்டால் பாடத்தையே ரத்து செய்வார்கள். அந்த எண் எவ்வளவு என்று இப்போதே கேளுங்கள். குரல் தேர்வு, வாத்தியத் தேர்வு எதுவும் வைக்காதீர்கள், எந்தத் துறை மாணவரும் சேரலாம் என்று அறிவியுங்கள். தரையில் உட்கார்ந்துதான் வாசிக்க வேண்டும் என்பதில் பிடிவாதம் வேண்டாம். சிலருக்கு முடியாது, நாற்காலியும் இருக்கட்டும்.

மார்க் போடுவது பற்றித்தான் புதிதாக வருபவர்கள் அதிகம் கலங்குகிறார்கள். கேட்டவுடனே நமக்குத் தெரியும், இவள் வாசிப்பு 80, அவன் வாசிப்பு 65. ஏன் என்று கேட்டால் சொல்ல வராது. இங்கே கேட்பார்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல, அது அவர்கள் உரிமை என்று நினைக்கிறார்கள். எனக்கும் அதில் மறுப்பு இல்லை. ஆகவே ரூப்ரிக் எழுதுங்கள். சுருதி, லயம், தயாரிப்பு, வடிவத்தைப் புரிந்துகொண்டது என்று நான்கைந்து வரிசை. ஒவ்வொன்றிலும் நல்லது, சுமார், போதாது என்பதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு வாக்கியம். ‘சுருதி சேரவில்லை’ என்று எழுதினால் போதாது. ‘மேல் ஸ்தாயியில் விரல் மாறும் இடங்களில் சுருதி விலகுகிறது, மற்ற இடங்களில் நிலையாக இருக்கிறது’ என்று எழுதினால் அது ரூப்ரிக். எழுதிப் பார்க்கும்போதுதான் நம் காது எதைக் கேட்கிறது என்று நமக்கே தெரிய வரும்.

தனிப்பாட மாணவர்களுக்கும் தனி சிலபஸ் வேண்டும். இசையை முதன்மைப் பாடமாக எடுத்தவர்கள் செமஸ்டர் முடிவில் ஜூரி என்ற தேர்வுக்கு வருவார்கள். பல ஆசிரியர்கள் உட்கார்ந்திருக்க, சில நிமிடம் வாசித்துக் காட்ட வேண்டும். அதில் உங்கள் மாணவரோடு நீங்களும் மறைமுகமாக மதிப்பிடப்படுகிறீர்கள். அக்டோபர் முடிவதற்குள் ஜூரி உருப்படி எது என்று தீர்மானித்துவிடுங்கள். உங்கள் வேலைப்பளு கணக்கிலும் ஒன்று கவனிக்கவும். தனிப்பாடம் ஒரு மணி நேரத்தை வகுப்பு ஒரு மணி நேரத்துக்குச் சமமாகப் பல துறைகள் எண்ணுவதில்லை, குறைவாகத்தான் எண்ணுகின்றன. ஒப்பந்தத்தில் என்ன விகிதம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி சட்டம். மூன்று விஷயங்கள் தெரிந்திருந்தால் போதும், மீதியைக் கல்லூரிப் பயிற்சியில் சொல்லித் தருவார்கள்.

1974-இல் வந்த ஃபெர்பா சட்டப்படி கல்லூரி மாணவரின் மதிப்பெண், வருகைப் பதிவு எல்லாம் அவருக்கே சொந்தம். அப்பா அம்மா போன் செய்து ‘எங்கள் பிள்ளை எப்படிப் படிக்கிறான்’ என்று கேட்டாலும் மாணவரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் வாய் திறக்காதீர்கள். துறை அலுவலகத்துக்குத் திருப்பிவிடுங்கள். வகுப்பில் மதிப்பெண்ணைச் சத்தமாக வாசிப்பது, கதவில் பட்டியல் ஒட்டுவது இரண்டும் கூடவே கூடாது.

ஊனமுற்றோர் சட்டப்படி வசதி கேட்கும் மாணவர் கல்லூரி அலுவலகத்தின் கடிதத்தோடு வருவார். என்ன நோய் என்று நீங்கள் கேட்கக் கூடாது. கடிதத்தில் உள்ளதைச் செய்தால் போதும்.

1972-இன் டைட்டில் நைன், அதாவது கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம்: பாலியல் தொல்லை பற்றி மாணவர் உங்களிடம் ஏதாவது சொன்னால், பெரும்பாலான கல்லூரிகளில் அதை அலுவலகத்துக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை. ரகசியமாக வைத்துக்கொள்கிறேன் என்று முன்கூட்டியே வாக்கு கொடுத்துவிடாதீர்கள். பாடம் சொல்லித் தருபவர்களுக்கு இதோடு ஒட்டிய இன்னொன்றும் உண்டு. நாம் விரலைப் பிடித்து வைத்துத்தான் வில் பிடிப்பைக் கற்றோம். இங்கே மாணவரைத் தொடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். முடிந்தவரை உங்கள் கையிலேயே காட்டுங்கள், கண்ணாடி வையுங்கள், வாயால் விவரியுங்கள். தனிப்பாட அறையின் கதவில் கண்ணாடிச் சாளரம் இருக்கும், அதைக் காகிதம் ஒட்டி மூடாதீர்கள்.

ஸ்வரக் குறிப்புகளை நகலெடுப்பதற்கும் வரையறை உண்டு. 1976-இல் இசை ஆசிரியர் சங்கங்களும் பதிப்பாளர்களும் ஒத்துக்கொண்ட வழிகாட்டுதல்படி, கற்பிப்பதற்காக ஒரு படைப்பில் 10 சதவீதத்துக்கு மேல் நகலெடுக்கக் கூடாது. அந்தப் பகுதியும் தனியாக நிகழ்த்தக்கூடிய முழு அலகாக இருக்கக் கூடாது. தியாகராஜர் (1767–1847), முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி கிருதிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் யாரோ அண்மையில் பதிப்பித்த ஸ்வரப்படுத்தலுக்கு உரிமை இருக்கும். பாபநாசம் சிவன் 1973-இல்தான் மறைந்தார். இந்தியச் சட்டத்தில் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு வரை உரிமை நிற்கும் என்பதால் அவர் பாடல்களில் கவனம் தேவை. நீங்களே கேட்டு, நீங்களே ஸ்வரப்படுத்திய தாள்கள் ஒரு கட்டு இருந்தால் நல்லது. அதற்கு ஃபினாலே மென்பொருளைப் பழகியிருந்தீர்கள் என்றால் மாற்றிக்கொள்ளுங்கள். 2024 ஆகஸ்டில் அதன் வளர்ச்சியை நிறுத்திவிட்டார்கள். மியூஸ்ஸ்கோர் இலவசம், மாணவர்களுக்கும் அதையே சொல்லலாம். டோரிகோ, சிபெலியஸ் துறையில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

கேள்வி:

அக்கா, நான் மிருதங்கம், கஞ்சிரா வாசிப்பவன். மேலே கேட்டவர் மாதிரிதான் நானும் ஜனவரியில் ஒரு கல்லூரிக்கு வருகிறேன். வாத்தியங்களை எப்படிக் கொண்டு வருவது என்று யாராவது சொல்லுங்களேன். வீட்டில் தாத்தா காலத்து வீணை ஒன்றும் இருக்கிறது, வகுப்பில் காட்டலாம் என்று நினைத்தேன்.

பதில்:

தம்பி, கஞ்சிரா உடும்புத் தோல் என்றால் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். உடும்பு இந்திய வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலிலும் இருக்கிறது. விமான நிலையத்தில் பிடித்தால் வாத்தியம் போவதோடு முடியாது. ஆட்டுத் தோலிலோ செயற்கைத் தோலிலோ ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நாதம் அப்படியே வராது என்பது எனக்கும் தெரியும். வகுப்பறைக்கு அது தாராளம்.

தாத்தாவின் வீணையில் தந்த வேலைப்பாடோ மான்கொம்போ இருந்தால் அதுவும் அதே கதைதான். அமெரிக்கா 2016-இல் ஆப்பிரிக்க யானைத் தந்தத்தின் வணிகத்தை ஏறக்குறைய முழுவதுமாகத் தடை செய்தது. நம் பக்கத்து ஆசிய யானைக்கும் கடுமையான கட்டுப்பாடு. பழைய வாத்தியம் என்று வாயால் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், சான்றிதழும் அனுமதியும் வேண்டும். வயலின்காரர்களும் பழைய வில்லின் நுனியைப் பார்த்துக்கொள்ளுங்கள், தந்தமாக இருக்கலாம். கருங்காலி, பலா பற்றிக் கவலைப்பட வேண்டாம். ரோஸ்வுட் பற்றி 2017-இல் ஒரு பெரிய பயம் வந்தது, எல்லா வகையையும் சைட்ஸ் பட்டியலில் சேர்த்தார்கள். 2019 நவம்பரில் செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள். பிரேசில் ரோஸ்வுட்டுக்கு மட்டும் விலக்கு இல்லை.

விமானத்தில்: அமெரிக்க விமான நிறுவனங்கள் வயலின் அளவுள்ள வாத்தியத்தை, மேலே இடம் இருந்தால் கைப்பையாக ஏற்க வேண்டும் என்று 2012 சட்டத்தில் இருக்கிறது, அதற்கான விதி 2015-இல் நடைமுறைக்கு வந்தது. முதலில் ஏறுபவருக்குத்தான் இடம் என்பதால் சீக்கிரம் ஏறும் வரிசைக்கு ஏதாவது வழி பாருங்கள். மிருதங்கம் சரக்கில்தான் போகும். வாரைத் தளர்த்தி, கடினப் பெட்டியில் வையுங்கள்.

வந்து சேர்ந்தபின் எதிரி குளிர் அல்ல, வறட்சி. குளிர்காலத்தில் வீட்டையும் வகுப்பையும் சூடுபடுத்தும்போது காற்றில் ஈரம் வற்றிவிடும். வயலின் விரிசல் விடும், மிருதங்கத்தின் தோல் இழுத்துக்கொண்டு சுருதி ஏறும், பலா மர வீணையில் வெடிப்பு வரும். ஈரப்பதம் 40-இலிருந்து 60 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. ஒரு ஈரமானியும், பெட்டிக்குள் வைக்கும் சின்ன ஈரமூட்டியும் வாங்குங்கள். மின் தம்புராவை நேராகச் சுவரில் செருகிவிடாதீர்கள், இங்கே 120 வோல்ட். பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுச் செருகுங்கள்.

இன்னொன்று, காது. மிருதங்கம், ஜாஸ் குழு, பித்தளைக் கருவி என்று சின்ன அறையில் மணிக்கணக்காக உட்காரப்போகிறீர்கள். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் 85 டெசிபல் ஒலியில் 8 மணி நேரம்தான் இருக்கலாம் என்று பரிந்துரைக்கிறது. 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். 88-இல் 4 மணி, 91-இல் 2 மணி, 94-இல் ஒரு மணி. ஐபோனில் நியாஷின் இலவச ஒலிமானிச் செயலி கிடைக்கிறது. ஒரு நாள் குழு ஒத்திகையில் அளந்து பாருங்கள், அதற்குப் பிறகு இசைக்கலைஞர்களுக்கான காதடைப்பான் வாங்கும் எண்ணம் தானாக வரும்.

கேள்வி:

நன்றி அக்கா, முதலில் கேட்ட வயலின்காரிதான் மறுபடியும். நிறைய தெளிவாகிவிட்டது. இரண்டு சந்தேகம் மட்டும். மாணவர்கள் என்னை எப்படிக் கூப்பிடுவார்கள்? அப்புறம், வார இறுதியில் வீட்டில் பாடம் சொல்லிக் கொடுத்தால், பக்கத்து ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் கச்சேரி செய்தால் ஏதாவது பிரச்சினையா? இப்போதே இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

பதில்:

கூப்பிடுவது உங்கள் கையில். முதல் வகுப்பில் பலகையில் எழுதிவிடுங்கள், டாக்டர் இன்னார் என்றோ ப்ரொஃபசர் இன்னார் என்றோ. சொல்லாமல் விட்டால் சிலர் முதல் பெயரைச் சொல்லி அழைப்பார்கள், சிலர் மின்னஞ்சலில் வெறும் ‘ஹே’ என்று தொடங்குவார்கள். அதில் அவமதிப்பு இல்லை, அவர்களுக்குத் தெரியவில்லை. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறியிருந்தால் கல்லூரிக் கணினி அதையே எடுத்துக்கொண்டு, வகுப்பு முழுக்க உங்களை அப்பா பெயரில் அழைக்கும். பெரும்பாலான கல்லூரிகளில் விருப்பப் பெயர் என்று ஒரு பதிவு உண்டு, வந்த வாரமே மாற்றுங்கள். அதே மாதிரி, வருகைப் பட்டியல் முன்னதாகவே கேன்வாஸ் என்ற வகுப்பு இணையதளத்திலோ வேறு தளத்திலோ வந்துவிடும். மாணவர்களின் பெயரைப் படித்துப் பார்த்துவிட்டுப் போங்கள், உச்சரிப்பு தெரியாதவற்றை அவர்களிடமே கேளுங்கள்.

முதல் வகுப்பில் சிலபஸை வரி வரியாக வாசிக்காதீர்கள், எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள், மாணவர்கள் தூங்குகிறார்கள். முதல் பத்து நிமிடம் பாடவையுங்கள் அல்லது தட்டவையுங்கள். பிறகு பேசலாம். அதற்கு முந்தைய நாளே அறைக்குப் போய், பியானோ சுருதியில் இருக்கிறதா, ஸ்பீக்கர் எப்படி இணைகிறது, பலகையில் ஐந்து கோடு வரைந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பியானோ சுருதி சேர்க்க ஆள் கேட்டால் வர நாளாகும்.

இரண்டாவது கேள்விக்கு நேராகச் சொல்கிறேன்: காசு வாங்காதீர்கள், உங்கள் விசா அதை அனுமதிக்கிறதா என்று கேட்காமல். எச்1பி வேலை விசா என்றால் உங்களுக்காக மனு கொடுத்த கல்லூரியிடம் மட்டும்தான் வேலை செய்யலாம். வீட்டில் கட்டணம் வாங்கிப் பாடம் சொல்வதும், சன்மானம் வாங்கிக் கச்சேரி செய்வதும் சட்டத்தின் கண்ணில் இன்னொரு வேலை. கவரில் கொடுத்தாலும், அன்பளிப்பு என்று எழுதினாலும் அதுதான் நிலை. நம் இசைக்காரர்கள் இதில்தான் வழுக்கி விழுகிறார்கள், ஏனென்றால் சொந்த ஊரில் கச்சேரியை யாரும் வேலை என்று நினைப்பதில்லை. பின்னால் கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கும்போது இது கேள்வியாக வரும். இன்னொரு அமைப்பு உங்களுக்காகத் தனியாகப் பகுதிநேர எச்1பி மனு கொடுக்கலாம், அந்த வழி உண்டு. ஜே1 பரிமாற்ற விசா என்றால் விதிகள் வேறு. உங்கள் திட்டத்துக்குப் பொறுப்பான அலுவலரின் எழுத்துப்பூர்வ அனுமதி முதலில் வேண்டும். காசில்லாமல் வாசிப்பதிலும் நுணுக்கம் இருக்கிறது. ஆகவே கேட்டிருக்கும் இரண்டு பேரிடமும் ‘கொஞ்சம் பொறுங்கள்’ என்று சொல்லிவிட்டு, கல்லூரியின் சர்வதேச அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போடுங்கள். பதில் எழுத்தில் வரட்டும், அதைச் சேமித்து வையுங்கள்.

அந்த அலுவலகத்துக்கு எழுதும்போதே மற்றதையும் கேட்டுவிடுங்கள். வேலை செய்யும் தகுதியைச் சரிபார்க்கும் ஐ-9 படிவத்தின் உங்கள் பகுதியை வேலை தொடங்கும் முதல் நாளுக்குள் நிரப்ப வேண்டும், மூலச் சான்றுகளை மூன்று வேலை நாட்களுக்குள் காட்ட வேண்டும். மருத்துவக் காப்பீட்டில் சேரக் குறுகிய கெடுதான் இருக்கும், தவறவிட்டால் அடுத்த சேர்க்கைக் காலம் வரை காத்திருக்க நேரும். ஒன்பது மாத ஒப்பந்தம் என்றால் சம்பளத்தை ஒன்பது தவணையில் தருகிறார்களா, பன்னிரண்டில் தருகிறார்களா, முதல் சம்பளம் எந்தத் தேதி என்று கேளுங்கள். ஆகஸ்டில் வேலையைத் தொடங்கி முதல் சம்பளத்தைச் செப்டம்பர் கடைசியில் பார்ப்பது சாதாரணம், அதுவரை ஓட்டக் கையில் காசு வைத்துக்கொண்டு வாருங்கள்.